பாளையங்கோட்டை மாடித் தோட்டம் ஒன்றில் இரும்புச்சத்துப் பற்றாக்குறை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் பணி ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டு மொட்டை மாடியில் அக்வாபோனிக்ஸ் முறையில் காய்கறி வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டின் கதை இது. மீன் கழிவில் உள்ள அம்மோனியாவை நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்ற, அந்த நைட்ரேட்டைச் செடிகள் உணவாக எடுத்துக்கொண்டு நீரைத் தூய்மை செய்து மீன்களுக்கே திருப்பித் தருவதுதான் இம்முறையின் அடிப்படை. வீட்டார் சைவ உணவினர் என்பதால் உண்பதற்கான மீனை விடுத்து, அழகுக்காக வளர்க்கும் கோய் கெண்டையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மீன் தொட்டி ஆயிரம் லிட்டர் கொள்ளளவு உடையது. அதன் அருகில் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்த இரண்டு ஜல்லிப் படுகைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் கொண்டது. தொட்டியிலும் படுகைகளிலுமாகச் சுற்றிவரும் நீர் ஏறத்தாழ 1,200 லிட்டர். விரல் நீளக் குஞ்சுகள் நாற்பது விடப்பட்டன. நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் தீவனம் போடப்பட்டது. கீரை வகைகளுக்குப் படுகையின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி பார்த்தால் இவர்கள் போட்டது பாதி அளவுதான். ஆகவே ஆலோசனை சொல்ல நான் முதன்முதலில் அழைக்கப்பட்டபோது செடிகளுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லையோ என்ற ஐயமே எனக்கும் எழுந்தது.

ஜனவரியில் தொட்டி அமைத்து, நுண்ணுயிரிகள் நிலைபெற ஆறு வாரம் விட்டு, மார்ச் நடுவில் வெண்டை, தக்காளி, கத்தரி, தண்டுக்கீரை, புதினா ஆகியவற்றை நட்டிருக்கிறார்கள். வெயிலில் ஆவியாகும் நீரையும் செடிகள் குடிக்கும் நீரையும் ஈடுசெய்ய நாள்தோறும் ஏறக்குறைய 40 லிட்டர் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்தார்கள். வீட்டம்மா தீவன அளவையும் ஊற்றிய நீரையும் சமையலறைத் தினசரிக் காலண்டரின் தாள்களில் குறித்து வைத்திருந்தார். இந்த ஆய்வு சாத்தியமானதற்கு முதற்காரணம் அந்தக் குறிப்புகளே.

கண்ட அறிகுறிகள்

ஏப்ரல் இறுதியில் வெண்டையின் கொழுந்து இலைகள் வெளிறத் தொடங்கின. நான் மே இரண்டாம் வாரத்தில் சென்றபோது தக்காளியும் புதினாவும் அதே நிலையில் இருந்தன. கீழே உள்ள முதிர்ந்த இலைகள் நல்ல பச்சையாகவே இருந்தன. மேலே புதிதாக விரிந்த இலைகள் மட்டும் எலுமிச்சை மஞ்சளாகவும், சில இடங்களில் ஏறக்குறைய வெண்மையாகவும் இருக்க, அவற்றின் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் துலங்கின. தண்டுக்கீரையில் வளர்ச்சியே நின்றுபோயிருந்தது.

பக்கத்து வீட்டில் வயல் உள்ளவர் ஒருவர் வெண்டையைப் பார்த்துவிட்டு, இது மஞ்சள் நரம்புத் தேமல் என்றும், செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்து அடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அவர் அனுபவத்தில் அது நியாயமான ஊகமே; நம் பக்கத்து வெண்டை வயல்களில் அந்த நோய் மிகுதி. ஆனால் இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வேறுபாடு தெரிந்துவிடும். தேமல் நோயில் நரம்பு மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக இருக்கும். இங்கோ நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளாகியிருந்தது, அதாவது நேர் எதிர். மேலும் தேமல் நச்சுயிரி தக்காளி, புதினா எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. பூச்சிமருந்து அந்தப் படுகையில் அடிக்கப்பட்டிருந்தால் மீன்கள் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பதால், அந்த அறிவுரையை வீட்டுக்காரர் ஒத்திப்போட்டது பெரும் நன்மையாயிற்று.

வீட்டம்மா சொன்ன ஒரு செய்தி மற்றவற்றைவிட எனக்கு உதவியது. கிணற்றடியில் மண்ணில் வைத்த புதினாவுக்கும் இதே தண்ணீர்தான் பாய்கிறது என்று காட்டி, "மண்ணுல கெடக்க புதினா கறுகறுன்னு இருக்கு, அண்ணாச்சி. இங்க மட்டும் ஏன் வெளிறுது?" என்று கேட்டார். கேள்வி சரியான இடத்தைத் தொட்டது. காரணம் கிணற்று நீரில் மட்டும் இல்லை. படுகையிலும் ஏதோ ஒன்று இருந்தது.

அளந்த எண்கள் இவை. ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் எண்; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 7.9, காரத்தன்மை (அமிலம் சேர்ந்தாலும் பி.எச். இறங்காமல் தாங்கும் கையிருப்பு) கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 350 மி.கி., டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 1,150. மீன் தொட்டியில் பி.எச். 8.2, டி.டி.எஸ். 1,500, நைட்ரேட் 80 மி.கி., அம்மோனியாவும் நைட்ரைட்டும் மிகக் குறைவு. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் இரும்புச் சோதனைக் குப்பியில் நிறமே ஏறவில்லை. மீன்கள் 38, எல்லாம் நன்றாகத் தீவனம் எடுத்தன.

நைட்ரேட் 80 என்றதும் தழைச்சத்துக் குறைவு என்ற என் முதல் ஐயம் விலகியது. தழைச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. அவை குறையும்போது செடி முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும், ஆகவே கீழிலைகளில்தான் முதலில் அறிகுறி தோன்றும். இரும்பு அவ்வாறு இடம்பெயராது. புது இலைக்கு வேண்டிய இரும்பை வேர் அன்றன்று எடுத்துத் தந்தாக வேண்டும். கந்தகக் குறைவிலும் கொழுந்து வெளிறும் என்றாலும் அதில் நரம்பும் சேர்ந்தே வெளிறிவிடும். எனவே இரும்புக் குறைவால் வரும் பச்சைச் சோகை என்ற முடிவுக்கு அன்றே வந்தேன்.

பலன் தராத முயற்சிகள்

என்னை அழைப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் இரண்டு முயற்சிகள் செய்திருந்தார். முதலாவது, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி இரண்டு கைப்பிடி தொட்டியில் கரைத்தது. அன்னபேதி என்பது இரும்புச் சல்பேட். எடையில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. ஆனால் பி.எச். 8-க்கு மேல் உள்ள, காற்று நன்கு கலந்த நீரில் அந்த இரும்பு சில நிமிடங்களிலேயே துருவாக மாறிப் படிந்துவிடும். நடந்ததும் அதுவே: நீர் பழுப்பாகக் கலங்கி, மறுநாள் தெளிந்து, தொட்டி அடியில் செம்பழுப்பு வண்டல் படிந்திருந்தது. செடியில் மாற்றம் இல்லை. இரும்பு சேர்க்கப்பட்டது உண்மை. செடிக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது முயற்சியை அவர் சற்றுத் தயங்கியே சொன்னார். பி.எச். அதிகம் என்று தெரிந்ததும் இருபது எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றியிருக்கிறார். அன்று மாலை 7.6 காட்டிய கருவி, இரண்டாம் நாள் காலை மீண்டும் 8.1 காட்டியிருக்கிறது. வீணான வேலை என்று அவர் நினைத்த அந்தச் செயல்தான் எனக்குத் தடயமாக அமைந்தது. அமிலம் ஊற்றியும் பி.எச். பழைய இடத்துக்கே மீள்கிறது என்றால், அமைப்புக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கும் சுண்ணாம்பு ஒன்று இருக்க வேண்டும்.

படுகையிலிருந்து நான்கைந்து ஜல்லிக் கற்களை எடுத்துக் கழுவி, உலர்த்தி, மேலே வினிகர் விட்டுப் பார்த்தோம். உடனே நுரைத்தது. வெளிர்ச் சாம்பல் நிறத்தில் அழகாக இருக்கிறது என்று வாங்கிய அந்தச் சில்லு சுண்ணாம்புக்கல். தாழையூத்துப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படும் ஊர் நம்முடையது. கட்டடத்துக்குக் கேட்டால் கருங்கல் ஜல்லிதான் வரும் என்றாலும், தோட்டத்துக்கு வெள்ளையாக வேண்டும் என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. ஐந்து ரூபாய் வினிகரில் முடியும் இந்தச் சோதனையை ஜல்லி வாங்கும் இடத்திலேயே செய்திருந்தால் பாதித் தொல்லை நேர்ந்திருக்காது.

நோய் உறுதியானதும் எடுத்த முடிவுகளும்

முடிவெடுக்கும் முன் நோயை உறுதிசெய்ய விரும்பினேன். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும் கரைத்து, ஒரே வெண்டைச் செடியின் மூன்று வெளிறிய இலைகளில் பாதிப் பரப்பில் மட்டும் பஞ்சால் மாலை வேளையில் தடவச் சொன்னேன். ஐந்தாம் நாள் தடவிய பாதியில் பச்சைப் புள்ளிகள் எழுந்தன. தடவாத பாதி அப்படியே இருந்தது. ஒரே இலையில் இரண்டு பக்கமும் இப்படி வேறுபட்டுத் தெரிந்த பிறகு ஐயத்துக்கு இடமில்லை. இந்த எளிய சோதனைக்கு ஈடான உறுதியை வேறு எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை.

அடுத்து, பி.எச். ஏன் இறங்கவே இல்லை என்ற கணக்கு. நைட்ரேட் உருவாகும்போது அமிலம் பிறக்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது ஏறத்தாழ 7 கிராம் காரத்தன்மை செலவாகும். 32 விழுக்காடு புரதமுள்ள 60 கிராம் தீவனத்தில் 3 கிராம் நைட்ரஜன் உண்டு. அதில் 2 கிராம் அளவு நீருக்கு வருகிறது என்று கொண்டால் நாளொன்றுக்கு 14 கிராம் காரத்தன்மை செலவாகும். இயல்பான அமைப்பில் இதனால் பி.எச். மெல்ல இறங்கிக்கொண்டே வரும். இங்கே நாள்தோறும் ஊற்றிய 40 லிட்டர் கிணற்று நீர், லிட்டருக்கு 350 மி.கி. வீதம், சரியாக அதே 14 கிராமைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி. காலண்டர் தாள்களில் இருந்த 40 லிட்டர் என்ற எண் இல்லாவிட்டால் இந்தக் கணக்கை நான் போட்டிருக்கவே முடியாது.

எனவே இரும்பை மேலும் மேலும் சேர்ப்பதல்ல, சேர்க்கும் இரும்பு கரைந்து நிற்கும்படி நீரை மாற்றுவதே வழி என்று முடிவு செய்தோம். அமிலம் ஊற்றும் யோசனையை விலக்கினேன். சுண்ணாம்புக்கல் இருக்கும்வரை அமிலம் அதைக் கரைத்துக் கடினத்தன்மையைக் கூட்டுமேயன்றிப் பி.எச். நிலையாக இறங்காது, ஏறி இறங்கும் அலைச்சல் மீனுக்கும் கேடு. மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன: உடனடித் தேவைக்கு, உயர் பி.எச்.-இலும் கரைந்து நிற்கும் கீலேட் இரும்பு, அதாவது படிந்துவிடாதபடி வேறொரு சேர்மம் பிடித்து வைத்திருக்கும் இரும்பு. நிரப்பும் நீராக மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். ஜல்லியை முழுவதுமாக மாற்றுவது.

கீலேட் வாங்குவதில் ஓர் இடறல். இ.டி.டி.ஏ. கீலேட் பி.எச். 6.5-க்கு மேல் இரும்பைக் கைவிட்டுவிடும், டி.டி.பி.ஏ. ஏறத்தாழ 7.5 வரை தாங்கும், இ.டி.டி.எச்.ஏ. 9 வரையும் தாங்கும். பெயர்கள் காதில் ஒன்றுபோல் விழுவதால் வீட்டுக்காரருக்குக் கடையில் முதலில் இ.டி.டி.ஏ. கொடுத்துவிட்டார்கள். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட பெயரைப் படித்துத் திருப்பிக் கொடுத்து மாற்றினோம். 1,200 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மி.கி. இரும்பு வேண்டுமானால் 2.4 கிராம் இரும்பு தேவை. 6 விழுக்காடு இரும்புள்ள இ.டி.டி.எச்.ஏ. பொடியில் அது 40 கிராம். இதை இரண்டு பங்காக, நான்கு நாள் இடைவெளியில் கரைத்தோம். நீர் செந்நிறமாகும் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் மறுநாள் காலையில் தொட்டி பீட்ரூட் சாறு போல் இருப்பதைப் பார்த்து அவர்கள் கலங்கித் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்த நிறத்தால் மீனுக்குத் தீங்கில்லை. பத்தாம் நாள் விரிந்த வெண்டை இலைகள் பச்சையாக விரிந்தன. முன்பு வெளிறிய இலைகளில் மிகவும் வெண்மையானவை கடைசிவரை தேறவில்லை.

ஜல்லி மாற்றம்

செடிகள் தேறியதும் ஜல்லி மாற்றம் தேவையில்லை என்று வீட்டுக்காரர் கருதினார். பொடியின் விலையும் அது தீர்ந்ததும் மறுபடி சோகை வரும் என்பதும் எடுத்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிரிகள் ஜல்லியின் மேற்பரப்பில்தான் வாழ்கின்றன. இரண்டு படுகைகளையும் ஒருசேர மாற்றினால் அம்மோனியா ஏறி மீன்கள் சாகும். ஆகவே ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒரு படுகை, ஜூலை நடுவில் மற்றொன்று எனப் பிரித்துச் செய்தோம். கழுவிய முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லி, வினிகர் சோதனைக்குப் பிறகே மாடிக்கு ஏற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் நிரப்பினோம். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் வாளிகளிலும் பீப்பாயிலும் பிடித்து, காற்றுக் குழாய் விட்டு, ஒரு நாள் கழித்தே ஊற்றினார்கள். அந்த வீட்டுக் குழாயில் அளந்த காரத்தன்மை லிட்டருக்கு 60 மி.கி. மட்டுமே. பொதிகையிலிருந்து இறங்கிவரும் ஆற்று நீருக்கும் நம் ஆழ்துளை நீருக்கும் உள்ள இடைவெளியை இந்த இரண்டு எண்களும், 60-ம் 350-ம், காட்டிவிடுகின்றன.

முதல் படுகை மாற்றியபின் ஒரு வாரம் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தும் அம்மோனியா 0.5 மி.கி. வரை ஏறி இறங்கியது. மீன் ஏதும் சாகவில்லை. ஆகஸ்ட் நடுவில் பி.எச். 7.2-க்கு வந்தது. அதன்பின் விலை குறைந்த 11 விழுக்காட்டு டி.டி.பி.ஏ. கீலேட்டுக்கு மாறினோம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 22 கிராம்.

செப்டம்பரில் வேறொரு குறி

தக்காளி காய்பிடிக்கத் தொடங்கிய செப்டம்பர் முதல் வாரத்தில் இதுவரை நன்றாக இருந்த கீழிலைகளின் ஓரம் மஞ்சளாகி, பின் பழுப்பாகக் கருகியது. பழங்கள் சமமாகப் பழுக்காமல் காம்புப் பக்கம் பச்சையாக நின்றன. உப்பு மிகுந்தாலும் இலையோரம் கருகும் என்பதால் முதலில் டி.டி.எஸ். அளந்தோம், அது மே மாதத்தின் 1,500-இலிருந்து பாதியாகக் குறைந்திருந்தது. உப்பு குறைந்துவரும் நேரத்தில் கருகல் கூடுகிறது என்றால் காரணம் உப்பாக இருக்க முடியாது. மீன் தீவனத்தில் சாம்பல் சத்து எப்போதுமே குறைவு, ஏனெனில் மீனுக்கு அது அதிகம் தேவையில்லை. காய்க்கும் செடிக்கோ மிக அதிகம் தேவை. கிணற்று நீரிலிருந்து மிஞ்சிய கால்சியமும் மக்னீசியமும் சாம்பல் சத்தை வேர் எடுப்பதற்கு இடையூறும் செய்யும். இது முதலிலிருந்தே இருந்த குறைதான். ஏப்ரலில் இரும்புக் குறையால் செடி வளரவே இல்லாததால் வெளித் தெரியவில்லை.

உரக்கடைகளில் எளிதில் கிடைக்கும் பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு. தொட்டியில் ஏற்கெனவே உவர்ப்பு இருந்ததால் குளோரைடு சேர்க்க விரும்பாமல் பொட்டாசியம் சல்பேட் வாங்கச் சொன்னேன். லிட்டருக்கு 40 மி.கி. பொட்டாசியம் ஏற்றும் கணக்கில் 116 கிராம், மூன்று பங்காக ஒரு வாரத்தில். கருகிய இலைகள் அப்படியே இருந்தன. அடுத்து முதிர்ந்த இலைகளில் கருகல் வரவில்லை. அக்டோபர் முதல் வாரப் பழங்கள் முழுவதும் சிவந்தன.

செப்டம்பர் வருகையின்போது பி.எச். 6.8. எல்லாம் சரியாகிவிட்டது என்ற மனநிறைவோடு, இனிக் கிணற்று நீரை அறவே ஊற்ற வேண்டாம், மழைக்காலம் தொடங்கியதும் கூரை மழைநீரையே பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய் அந்த வீட்டில் இருந்தது. அதைத் தரைத்தொட்டிக்குத் திருப்பினால் போதும். காரத்தன்மையை அன்று நான் அளக்கவில்லை. எது வரை இறங்கலாம், எதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற அளவையும் சொல்லவில்லை. பின்னர் நேர்ந்ததற்கு இந்த இரண்டு விடுதல்களும் காரணம்; அவை என்னுடையவை.

நவம்பர்

பி.எச். என்பது காரத்தன்மை தீரும்வரை மெல்லத்தான் நகரும். தீர்ந்துவிட்டால் சில நாள்களில் விழுந்துவிடும். மழைநீரில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் திறந்த தொட்டியிலும் படுகைகளிலும் மழை நேரடியாகவும் விழுந்தது. தீபாவளியை ஒட்டி வீட்டார் பத்து நாள் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் தீவனம் மட்டும் போட்டான். திரும்பி வந்தபோது பி.எச். 5.8, அம்மோனியா 2 மி.கி. நுண்ணுயிரிகள் 6-க்குக் கீழே மிகவும் மந்தமாகிவிடும் என்பதால் அம்மோனியா தேங்கியிருந்தது. மீன்கள் தீவனத்தில் நாட்டம் குறைந்து அடியில் நின்றன. ஆனால் ஒன்றும் சாகவில்லை.

அந்த நிலையிலும் மீன்கள் பிழைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. அம்மோனியாவின் நஞ்சான வடிவம் பி.எச்.-ஐப் பொறுத்துக் கூடும், குறையும். 5.8-இல் மொத்த அம்மோனியாவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நஞ்சாக இராது. அப்போதிருந்த 27 டிகிரி வெப்பத்தில் அதே நீர் 8.6-க்கு ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு நஞ்சாகிவிடும். இதை அறியாத வீட்டுக்காரர், பி.எச். குறைந்ததைக் கண்டு பதறி, வெற்றிலைக்கு வாங்கி வைத்திருந்த நீற்றிய சுண்ணாம்பு ஏறத்தாழ 200 கிராமை மாலையில் கரைத்து ஊற்றிவிட்டார். மறுநாள் காலை கருவி 8.6 காட்டியது, ஏழு மீன்கள் மிதந்தன. வீட்டம்மா ஒவ்வொன்றுக்கும் நிறத்தை வைத்துப் பெயரிட்டு வளர்த்தவை அவை. அன்று நான் சென்றபோது அவர் மாடிக்கு வரவில்லை.

அன்றே தீவனத்தை நிறுத்தி, காற்றோட்டத்தைக் கூட்டி, முதல் நாள் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீர் முழுவதையும் கொண்டு நீரில் பாதியளவை மாற்றினோம். பி.எச்.-ஐ அமிலத்தால் இறக்கும் எண்ணம் எழுந்தும் செய்யவில்லை. ஒரே நாளில் மூன்றாவது அதிர்ச்சியை அந்த மீன்கள் தாங்கியிரா. நீர் மாற்றியபின் பி.எச். 7.8-ம் அம்மோனியா 1 மி.கி.-ம் இருந்தன. நான்கு நாள் தீவனம் இல்லை. ஆறாம் நாள் அம்மோனியா 0.25-க்கு இறங்கியது, மீதி 31 மீன்களும் தேறின. சுண்ணாம்பு ஏற்றிய பி.எச். பத்து நாள்களில் தானாகவே 7.2-க்கு வந்தது. அந்த இடைக்காலத்தில் வெண்டைக் கொழுந்து மறுபடி ஒருமுறை இலேசாக வெளிறி, பி.எச். இறங்கியதும் பச்சையானது.

வாராந்தர ஏற்பாடும் பின்விளைவும்

டிசம்பரில் நீர்க் கணக்கைப் புதிதாக எழுதினோம். நாளொன்றுக்கு ஊற்றும் 40 லிட்டரில் 30 லிட்டர் மழைநீர் அல்லது குழாய்த் தண்ணீர், 10 லிட்டர் கிணற்று நீர். ஏப்ரலில் கேட்டின் காரணமாக இருந்த அதே கிணற்று நீர் இப்போது அளவோடு காரத்தன்மையும் கால்சியமும் மக்னீசியமும் தருகிறது. அதோடு வாரத்துக்கு ஒருமுறை பொட்டாசியம் பைகார்பனேட் 25 கிராமும், வேறொரு நாளில் நீற்றிய சுண்ணாம்பு 10 கிராமும், ஒரு வாளி நீரில் முழுவதும் கரைத்து, மீன் தொட்டியில் நேரே ஊற்றாமல் படுகையின் மேல் காலை வேளையில் சிறிது சிறிதாக விடப்படுகின்றன. முதலாவது சாம்பல் சத்தையும் இரண்டாவது சுண்ணாம்புச் சத்தையும் தருவதால், பி.எச்.-ஐத் தாங்கும் செலவிலேயே இரண்டு குறைகளும் நிரம்புகின்றன. அம்மோனியா 0.5-க்கு மேல் இருந்தால் அந்த வாரம் இரண்டும் இல்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை பி.எச். 6.6-க்கும் 7-க்கும் இடையில், காரத்தன்மை 40-க்கும் 70-க்கும் இடையில் நின்றது. தண்டுக்கீரை வாரம் இருமுறை அறுக்கப்பட்டது. தக்காளியில் ஓரக்கருகலோ நுனி அழுகலோ இல்லை. மார்கழியில் வெண்டையில் உண்மையான மஞ்சள் நரம்புத் தேமல் இரண்டு செடிகளுக்கு வந்தது. இம்முறை வீட்டம்மாவே இலையை வெயிலில் பிடித்துப் பார்த்து, நரம்புதான் மஞ்சள் என்று உறுதிசெய்து, அவற்றைப் பிடுங்கிவிட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வீட்டுக்கு மறுபடி முதல் நாளில் அழைக்கப்பட்டால், மீன் குஞ்சு வாங்கும் முன்பே நிரப்பும் நீரின் காரத்தன்மையை அளப்பேன். பி.எச். கருவி மட்டும் வைத்திருப்பவர்களே நம்மில் பெரும்பாலோர். அது இன்றைய நிலையைக் காட்டும், கையிருப்பைக் காட்டாது. செப்டம்பரில் 6.8 என்று காட்டிய கருவியை நம்பி நான் ஏமாந்தது அதனால்தான். துளிகளை எண்ணி அளக்கும் காரத்தன்மைக் குப்பியை அந்த வீட்டில் வாங்கி வைக்க நவம்பர்வரை காத்திருந்திருக்கக் கூடாது.

கிணற்று நீரை அறவே விடச் சொன்னது இரண்டாவது தவறு. எட்டு மாதக் காலம் ஒரு பக்கம் சாய்ந்திருந்த அமைப்பை, இறங்கும் வேகத்தைக் கணக்கிடாமலே மறு பக்கம் தள்ளிவிட்டேன். நீர்மூலத்தை மாற்றும்போதெல்லாம், முதல் நான்கு வாரம் காரத்தன்மையை வாரம் இருமுறையேனும் அளக்க வேண்டும் என்று இப்போது எழுதியே கொடுக்கிறேன். அந்தத் தாளின் மேல்புறத்தில், பி.எச். எவ்வளவு இறங்கியிருந்தாலும் முதலில் அம்மோனியாவை அளக்காமல் சுண்ணாம்பைத் தொடக் கூடாது என்ற வரி இருக்கிறது.

இ.டி.டி.எச்.ஏ.-ஐ இன்னும் சற்று முன்பே, மே இரண்டாம் வாரத்திலேயே கொடுத்திருக்கலாமா என்றால், இலையில் தடவிப் பார்த்த ஐந்து நாள்களை நான் இழப்பாகக் கருதவில்லை. அந்த ஒரு வாரத்தில் செடிகள் மேலும் சற்று வெளிறியது உண்மை. ஆனால் என்ன குறை என்று வீட்டார் தங்கள் கண்ணாலேயே பார்த்ததால்தான் ஜல்லி மாற்றும் செலவுக்கும் உழைப்புக்கும் பின்னர் உடன்பட்டார்கள்.

தரைத்தொட்டியில் மழைநீர் மார்ச் இறுதியில் தீர்ந்தது. கோடையில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்போது 30 லிட்டருக்கு எட்டாத நாள்களில் கிணற்று நீரின் பங்கு கூடும்; அவ்வாறு கூடிய ஒவ்வொரு வாரமும் சுண்ணாம்பை நிறுத்திப் பைகார்பனேட்டைப் பாதியாக்குவது என்று ஏற்பாடு. புதிய குஞ்சுகள் ஏழு ஏப்ரலில் விடப்பட்டன. தினசரிக் காலண்டரின் தாள்களில் தீவனம், நீர் என்ற இரண்டு எண்களோடு காரத்தன்மை என்ற மூன்றாவது எண்ணும் இப்போது எழுதப்படுகிறது.